தெரிகிற அளவுக்கு இல்லை

சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லத்தான் நமக்கெல்லாம் வாய் இருக்கிறது. அவர் ஒரு துளியை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, யோசித்து, "நாக்குக்குத் தெரியற அளவுக்கு இல்லீங்க" என்பார். கேன்டீன் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா தம்பி, உப்பு போடவா வேணாவா, அத சொல்லு" என்பாள். அதற்கும் அவரிடமிருந்து நேரான பதில் வராது. பின்னால் தட்டோடு வரிசையில் நிற்கிற எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் லிமிட்டு. அவருடைய சொந்தப் பெயரை எழுத எனக்குத் தைரியம் இல்லை. பயந்த சுபாவம் எனக்கு. பல்லி கத்தினால்கூடக் கிழமை பார்க்கிறவள் நான். அப்படிப்பட்டவள் எதற்குக் கதிர்வீசும் பொருளை வைத்து ஆராய்ச்சி செய்யப் போனாய் என்று கேட்டால் என்ன சொல்வது? இடம் அங்கேதான் கிடைத்தது, போனேன்.

கள்ளக்குறிச்சிக்கு வெளியே, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே, பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் ஒன்று அப்போது இருந்தது. மேல்மாடியில் வேதியியல். பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கும் தனிம அட்டவணையைப் பார்த்திருப்பீர்கள். எல்லாத் தனிமங்களும் மேலே கூட்டமாக இருக்க, அடியில் இரண்டு வரிசை மட்டும் ஒதுங்கி நிற்கும். அதில் மேல் வரிசை லாந்தனைடுகள், கீழ் வரிசை ஆக்டினைடுகள். தோரியமும் யுரேனியமும் கீழ் வரிசைக்காரர்கள், கதிர்வீசுகிறவர்கள். மண்ணுக்குள் இந்த இரண்டு வரிசையும் கலந்துதான் கிடக்கும், பிரிப்பது லேசில்லை. அந்தப் பிரிக்கிற வேலைதான் எங்கள் ஏழு பேருக்கும் சோறு போட்டது. நான் லாந்தனைடுகளிலிருந்து தோரியத்தை மட்டும் தனியே இழுத்து வருகிற மருந்துகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு இரண்டு வருஷம் முன்னால் சேர்ந்தவர். கல்வராயன் மலையின் ஓடைகளிலும் கிணறுகளிலும் இந்தத் தனிமங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று அளந்துகொண்டிருந்தார்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. கருவி எதையும் காணவில்லை என்றால் அந்த இடத்தில் சைபர் போடக்கூடாது. ஒவ்வொரு கருவிக்கும் அது பார்க்க முடிகிற மிகச் சிறிய அளவு என்று ஒன்று இருக்கிறது, அதை லிமிட்டு என்போம். அதற்குக் கீழே என்று மட்டும் எழுத வேண்டும். அதற்குக் கீழே ஏதாவது இருக்கலாம், இல்லாமலும் போகலாம், அது நமக்குத் தெரியாது. நாங்கள் அதைத் தாளில் எழுதுவோம், தாளை மூடியதும் மறந்துவிட்டு டீ குடிக்கப் போவோம். அவர் மட்டும் அந்த விதியை மூடி வைக்கவே இல்லை. வீட்டுக்கும் தெருவுக்கும் கேன்டீனுக்கும் தூக்கிக்கொண்டு திரிந்தார்.

அவருடைய அம்மா எலவனாசூர்கோட்டைப் பக்கம் நாற்று நடவும் களை பறிக்கவும் கூலிக்குப் போகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், "ஒடம்பு நல்லாருக்குதாப்பா? ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டிருக்கிறார். எந்த அம்மாவும் கேட்கிற கேள்விதான். இவர், "இதுவரைக்கும் ஒண்ணும் தெரியலம்மா" என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் அந்தம்மா முதல் பஸ் பிடித்து, மடியில் திருநீறும் தூக்குச்சட்டியில் கஷாயமுமாக எங்கள் மாடிப்படியில் வந்து உட்கார்ந்துவிட்டார். கண் வீங்கியிருந்தது. "இன்னும் இன்னாப்பா தெரியணும், இன்னாத்துக்குக் காத்துக்கினு இருக்குற?" என்று மகனின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நாங்கள் ஆறு பேரும் மறைந்து நின்று சிரித்தோம்.

உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டில் பெண் பார்க்கப் போனார்கள். பெண்ணின் அப்பா, "தம்பிக்குக் கெட்ட பழக்கம் எதுவும் இல்லியே?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இல்லீங்க" என்றார் இவர்.

அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்து, "உனக்கே தெரியாம இன்னா தம்பி பழக்கம் இருக்கும்?" என்றாராம்.

"அது எப்படிங்க சொல்றது? கெட்டதுன்னு எனக்குப் பட்டாத்தானேங்க தெரியும்."

கேசரித் தட்டு அப்படியே உள்ளே திரும்பிப் போனது. இதையெல்லாம் நான் கச்சிராயபாளையத்தில் என் புகுந்த வீட்டில், இரவுச் சாப்பாட்டின்போது நடித்துக் காட்டுவேன். என் மாமியார் புரையேறச் சிரிப்பார். என் வீட்டுக்காரர், "இன்னிக்கு லிமிட்டு இன்னா சொன்னாரு?" என்று கேட்டுக்கொண்டேதான் கை கழுவி வந்து உட்காருவார். இந்தச் சிரிப்பு பின்னால் எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊருக்குத் தண்ணீர் எடுக்க ஜீப்பில் போனோம். தனியாகப் போகக்கூடாது என்று எங்கள் பேராசிரியர் என்னையும் அனுப்பியிருந்தார். ஊருக்கு ஒரே கிணறு. இவர் கயிறு கட்டிய பாட்டிலை இறக்கித் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தபோது, இரண்டு குடத்தோடு வந்த பெண் ஒருத்தி, "இன்னாத்த தேடுறீங்க இதுல? நோவு கீவு இருக்குதா?" என்று கேட்டாள்.

"இன்னும் பாக்கலம்மா. பாத்தாலும் எங்க மிஷினுக்குத் தெரியற அளவுக்கு இருக்குதா இல்லையான்னுதான் சொல்ல முடியும்."

அவள் அவரையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தாள். தண்ணீர் எங்கள் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது. நாங்கள் ஜீப்பில் ஏறுவதற்குள் பத்துப் பதினைந்து ஆண்கள் சுற்றி நின்றார்கள். கிணற்றில் விஷமாமே என்றார் ஒருவர். மலையைத் தோண்டப் போறீங்களா, எங்க நெலத்தப் புடுங்கத்தான் இந்த வேலையா என்றார் இன்னொருவர். ஒருவர் கையில் கொடுவாள். விறகு வெட்டப் போகிற வழியில் வந்தவராகத்தான் இருக்கும், ஆனால் நான் அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"ஒண்ணும் இல்லன்னு சொல்லித் தொலைங்கண்ணா" என்று அவர் காதில் கெஞ்சினேன்.

"அளக்காம எப்படிங்க சொல்றது?" என்றார். அவருக்கும் பயம்தான், உதடு வெளுத்திருந்தது. ஆனாலும் சொல்லவில்லை. டிரைவர் எப்படியோ சமாதானம் பேசி வண்டியைக் கிளப்பினார். மலைப் பாதை முழுக்க நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. தண்ணீரில் கருவிக்குத் தெரிகிற அளவுக்கு எதுவும் இல்லை. அன்றே தனியாகப் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனார். அதுவரை அந்தப் பெண்கள் பள்ளத்து ஓடைக்கு இறங்கித்தான் தண்ணீர் சுமந்திருக்கிறார்கள். இவர் கிணற்றடியில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க மூன்று சொம்புத் தண்ணீர் இறைத்துக் குடித்தார். அந்தத் தண்ணீரிலேயே சாமைச் சோறு ஆக்கச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தார். வாயால் சொல்ல வராததை வயிற்றால் சொல்லிவிட்டு வந்தார். இதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. அடுத்த தடவை போன ஜீப் டிரைவர்தான் கேட்டுவந்து சொன்னார். அன்றைக்கு முதல்முறையாக எனக்கு அவரைக் கிண்டல் செய்ய வாய் வரவில்லை.

இனி நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும்.

கல்யாணமாகி ஐந்தாவது வருஷம் நான் முழுகாமல் இருந்தேன். அதற்குள் எத்தனை கோயில், எத்தனை டாக்டர் என்று கணக்கே கிடையாது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இந்த மாதிரி நேரத்தில் உடனே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் தோரியத்தின் பக்கமே விடமாட்டார்கள், வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள். எனக்கு இன்னும் இரண்டே இரண்டு சோதனைகள்தான் பாக்கி. முடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று மூன்றாம் மாதம்வரை மறைத்தேன். பயந்தாங்கொள்ளிக்கும் ஆசை வந்தால் கண் தெரியாது.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு தோரியம் நைட்ரேட் பாட்டில். நான் சேருவதற்குப் பல வருஷம் முன்னால் வந்தது. புதிதாக வாங்க அனுமதிக் கடிதம் அது இது என்று மாதக்கணக்கில் ஆகும் என்பதால் அதையே சுரண்டிச் சுரண்டிப் பயன்படுத்தி வந்தோம். கண்ணாடி மூடி ஈரத்தில் உப்புப் பூத்து இறுகிவிட்டது. அப்படி இறுகினால் எல்லா வேதியியல்காரர்களும் செய்கிற ஒரு வேலை இருக்கிறது. மரக்கட்டையால் மூடியின் பக்கவாட்டில் மெல்லத் தட்டுவது. சாதாரண உப்புப் பாட்டிலில் செய்து செய்து கைக்குப் பழகிய தட்டு. அதே பழக்கத்தில் இதையும் தட்டினேன். காற்றை உறிஞ்சும் கூண்டுக்குள் வைத்துத் தட்டியிருக்க வேண்டும். மேஜையில் வைத்துத் தட்டினேன். முகமூடி தாடையில் தொங்கிக்கொண்டிருந்தது. பாட்டிலின் கழுத்து உடைந்து, விளிம்பில் காய்ந்து கிடந்த வெள்ளைத் தூள் புகையாக எழுந்து என் மேல் விழுந்தது.

கூடத்தில் அப்போது அவர் மட்டும்தான் இருந்தார். பேராசிரியர் சென்னையில். இவர் ஓடி வந்து, என்னை அசையாமல் நிற்கச் சொல்லி, கதிர் மீட்டரை எடுத்தார். என் மேல்கோட்டைக் கழற்றச் சொல்லி வாங்கினார். கை, முகம், கழுத்து என்று ஒவ்வோர் இடமாக ஈரப் பஞ்சால் துடைத்துக்கொள்ளச் சொல்லி, மறுபடி மறுபடி மீட்டரைப் பிடித்தார். மூக்கின் உள்ளே பஞ்சுக் குச்சியால் துடைத்துத் தரச் சொல்லி, அதைத் தனி உறையில் போட்டார். மீட்டர் நிதானமாக, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டிக்கொண்டிருந்தது. அது எப்போதும் அப்படித் தட்டுவதுதான். தலைக்குப் பின்னால் கொண்டுபோனதும் படபடவென்று அடித்தது.

காலையில் மாமியார் தொடுத்துக் கொடுத்த மல்லிகைச் சரம். இதழ் இதழாகத் தூள் புகுந்திருந்தது.

பூவை எடுத்து பாலித்தீன் உறையில் போட்டுக் கட்டினார். பின்னலை மூன்று தடவை கழுவினேன். நுனியில் மட்டும் சத்தம் குறையவே இல்லை. "வெட்டிடலாங்க" என்றார். கத்தரிக்கோலை வாங்கி நானே ஒரு சாண் வெட்டினேன். அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

"அண்ணா, நான் முழுகாம இருக்கேன்."

அவர் கையிலிருந்த மீட்டரை மேஜைமேல் வைத்தார். எத்தனையாவது மாதம் என்று கேட்டார், சொன்னேன். வேறெதுவும் கேட்கவில்லை, ஏன் மறைத்தாய் என்றுகூட. மறுபடி மீட்டரை எடுத்து உச்சி முதல் பாதம்வரை பத்து நிமிஷம் பார்த்தார்.

"இருக்குதா?"

"மீட்டருக்குத் தெரியற அளவுக்கு இல்லீங்க."

"இல்லன்னு சொல்லுங்கண்ணா. ஒரே ஒரு தடவ சொல்லுங்க."

"உள்ள மூச்சுல போயிருந்தா இந்த மீட்டருக்குத் தெரியாதுங்க. சிறுநீர வேற எடத்துக்கு அனுப்பிப் பாக்கணும். அஞ்சு வாரமாவது ஆவும்."

அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அத்தனை ஆத்திரம். அந்த ஒரு சொல்லுக்கு என்ன காசா பணமா, சொல்லியிருந்தால் குறைந்தபட்சம் அன்றைய பஸ்ஸிலாவது நான் அழாமல் போயிருப்பேன்.

வீட்டில் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் சுமங்கலிப் பெண், அதுவும் பிள்ளைத்தாச்சி, ஒரு சாண் முடி வெட்டிக்கொண்டு, வைத்த பூ இல்லாமல் வந்து நின்றால் எந்த மாமியார் விடுவார்? "பூ எங்கடி? முடி இன்னாச்சு? எவனாவது இழுத்துப் போட்டுக்கினு அறுத்தானா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன்.

கதிர் என்கிற சொல் அந்த வீட்டுக்குள் விழுந்த நிமிஷத்திலிருந்து யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பேராசிரியர் போனில், "ரொம்பக் கம்மிதாம்மா, பயப்படாதே" என்றார். என் மாமனார், "அவரு வேலைய அவரு காப்பாத்திக்கணுமில்ல, அப்படித்தான் சொல்லுவாரு" என்று ஒதுக்கிவிட்டார். மூன்றாம் நாள் மாமியார் என் பக்கத்தில் உட்கார்ந்து, "கொறையோட பொறந்துச்சுன்னா நமக்கு இன்னாடி, நாம பாத்துக்குவோம். அந்தப் புள்ளதான் பாவம். இப்பவே கலைச்சுடலாம்" என்றார். சொல்லும்போதே அழுதார். கள்ளக்குறிச்சி டாக்டரம்மாவிடம் மறுநாள் காலைக்கு மாமனார் நேரம் கேட்டிருந்தார். முதலில் நேரில் வரட்டும், பேசுவோம் என்றுதான் டாக்டரம்மா சொன்னாராம். ஆனால் எங்கள் வீட்டில் முடிவு ஆகிவிட்டது. எனக்கோ அந்தப் பிள்ளை வேண்டும். வேண்டும் என்று சொல்லவும் பயம். நான் அடம்பிடித்துப் பெற்று, அதற்கு ஏதாவது என்றால் யார் முகத்தில் விழிப்பேன்?

அப்போது என் வீட்டுக்காரர்தான் சொன்னார். "அந்த லிமிட்டு வந்து சொல்லட்டும்ப்பா. உப்பு இல்லன்னுகூட சொல்லாத மனுஷன். அவரு வாயால இல்லன்னு வந்துச்சுன்னா நான் நம்புவேன். வரலன்னா நாளைக்குப் போய்டலாம்."

மாமனார் ஒத்துக்கொண்டார். தினமும் நான் நடித்துக் காட்டிய கூத்துதான் லிமிட்டின் வாய்க்கு அந்த வீட்டில் அத்தனை மதிப்பை உண்டாக்கியிருந்தது. நான் போன் செய்து விவரத்தைச் சொன்னேன். "வரேங்க" என்று மட்டும் சொன்னார்.

மாலை நான்கு மணி டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். தேய்த்த சட்டை. வீட்டுக் கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மாமியார் மோர் கொண்டுவந்து வைத்தார், அவர் தொடவில்லை. மாமனார் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"தம்பி, புள்ள மேல அந்தக் கதிரு ஏறியிருக்குதா இல்லையா?"

"மீட்டர வெச்சுப் பாத்தேங்க" என்று ஆரம்பித்தார். "மீட்டருக்குத்..."

அந்த இடத்தில் நின்றுவிட்டார். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நாற்காலியிலிருந்து அவர் என்னைப் பார்த்தார். நான் ஜாடை எதுவும் காட்டவில்லை, சத்தியமாகக் காட்டவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

"இல்லீங்க" என்றார். "ஒண்ணும் இல்ல. புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது."

மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். மாமனார் எழுந்துபோய் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொன்னார். வீடே மூச்சு விட்டது. அன்று இரவு எல்லோரும் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினார்கள். நான் ஒருத்திதான் தூங்கவில்லை. உப்பைக்கூட இல்லை என்று சொல்லாதவர் என் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்கிறார். அப்படியானால் அவர் என்ன கண்டுபிடித்தார்? மூக்குப் பஞ்சில் ஏதாவது தெரிந்ததா? தெரிந்ததை மறைக்கிறாரா? அவர் பழையபடி சொல்லியிருந்தால் நான் பயந்திருப்பேன், ஆனால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். வயிற்றில் கை வைத்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அப்படி ஐந்து வாரம்.

ஆய்வுக்கூடத்தில் அவரைத் தனியாகப் பிடிக்கப் பார்த்தேன். என்னைக் கண்டால் மாடிப்படி மாறிப் போனார். முகத்தில் தாடி ஏறியிருந்தது. சிறுநீர்ச் சோதனை முடிவு வந்த அன்று, தாளை எடுத்துக்கொண்டு அவரே என் மேஜைக்கு வந்தார். கண்டறியும் அளவுக்குக் கீழே. மூக்குப் பஞ்சிலும் அப்படியே. நான் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, வெட்கமில்லாமல் எல்லோர் முன்னாலும் அழுதேன். அழுது முடித்துவிட்டுக் கேட்டேன்.

"அன்னிக்கு எங்க வூட்ல சொன்னீங்களே, அப்ப உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"ஒண்ணும் தெரியாதுங்க."

"அப்பறம் எப்படிண்ணா சொன்னீங்க?"

"காலைல டாக்டரம்மாகிட்ட போய்டுவோம்னு போன்ல சொன்னீங்களே" என்றார். தாளை மடித்து உறையில் போட்டார். "நான் சொன்ன மாதிரியே வந்துடுச்சு. அதுக்காக அன்னிக்கு நான் சொன்னது நெசமாயிடாதுங்க. மாறி வந்திருந்தா இன்னா பண்ணியிருப்பேன்னு தெனம் நெனைச்சுக்கினே இருந்தேன்."

பெண் பிறந்தாள். கை கால் விரலையெல்லாம் நான் நான்கு தடவை எண்ணினேன். நல்லபடியாக வளர்ந்தாள். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

அவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது. முதலில் நான் கவனிக்கவில்லை. கேன்டீன் அம்மா உப்பு பார்க்கச் சொன்னால், "இருக்குதும்மா" என்று போய்க்கொண்டே சொன்னார். அவருடைய அம்மா போனில் கேட்டால், "ஒண்ணும் இல்லம்மா, நல்லாருக்கேன்." அந்தம்மா அதற்குப் பிறகு கஷாயத்தோடு வரவில்லை. அடுத்து பெண் பார்க்கப் போன இடத்தில் கேட்டதற்கெல்லாம் இல்லை, இல்லை என்றார், கல்யாணம் முடிந்தது. கூடத்தில் எல்லோரும் லிமிட்டு திருந்திட்டாரு என்று கேலி செய்தார்கள். தாளில் எழுதுவதில் பிசகவே இல்லை, அங்கே பழைய ஆள்தான். வாயில்தான் அந்தச் சொல் வந்து ஒட்டிக்கொண்டது. அவர் ஒண்ணும் இல்ல என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த நாற்காலி நுனிதான் ஞாபகம் வரும். இதை யாரிடம் சொல்வது?

பட்டம் வாங்கி வேறு ஊரில் ஒரு கல்லூரிக்குப் போய்விட்டார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன். அவருடைய மனைவி தங்கமான பெண், என்னை அக்கா என்பாள்.

போன செவ்வாய்க்கிழமை அவள்தான் அழைத்தாள். அவருக்குக் கழுத்தில் ஒரு கட்டி. சதைத் துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவை வாங்கத் தனியாகப் போய்விட்டு வந்தாராம். ஒண்ணும் இல்ல என்றாராம். தாளைக் கேட்டால் காலேஜில் வைத்துவிட்டேன் என்கிறாராம். "எங்கிட்ட ஆறுதலுக்குச் சொல்றாரோன்னு ஒரே பயமா இருக்குதுக்கா. உங்க வூட்டுல எல்லாரும் அவரு பொய்யே சொல்ல மாட்டாருன்னு சொல்வீங்களே. நீங்க கேட்டா சொல்லிடுவாரு."

கேட்டேன்.

"ரிப்போர்ட்டுல இன்னாண்ணா எழுதியிருக்கு? படிச்சுக் காட்டுங்க."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"எழுதியிருக்கறத அப்படியே படிங்கண்ணா."



"ஒண்ணும் இல்லீங்க. பாப்பா இப்ப எத்தனாவது படிக்குது?"

"ஏழாவது" என்றேன். "நல்லா படிக்கச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

உடனே அவள் அழைத்துவிட்டாள். பக்கத்திலேயே போனை வைத்துக்கொண்டு காத்திருந்திருப்பாள். என்ன சொன்னார் என்று கேட்டாள். அவர் சொன்னதைத்தானே சொல்ல முடியும்?

"ஒண்ணும் இல்லன்னுதாம்மா சொல்றாரு."

"உங்ககிட்டயும் அதையேதான் சொன்னாராக்கா? அப்பாடா. ரெண்டு நாளா சோறே எறங்கலக்கா, இன்னிக்குத்தான் சாப்புடணும்."

"சாப்பிடும்மா" என்றேன்.